எந்தப் பிரடை போனால் கிட்டார் போகும்?

அயர்லாந்தின் ரோரி காலகர் வாசித்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் தலையில், தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் ஆறு பிரடைகள் வரிசையாக நிற்கின்றன. ஐந்து ஒரு வகை, ஒன்று மட்டும் வேறு வகை. 1961-ல் கலிபோர்னியாவின் ஃபெண்டர் தொழிற்சாலையில் பூட்டிய பிரடைகள் எப்போதோ கழன்றுவிட்டன. தந்திகளைத் தாங்கும் நட் பலமுறை மாறியிருக்கிறது. மூன்று பிக்கப்களில் நடுவில் இருப்பது மட்டுமே பழையது. மூன்று நிலை சுவிட்சை எடுத்துவிட்டு ஐந்து நிலை சுவிட்ச் வைத்தார் ரோரி. உள்ளே ஒயர்களையும் தன் விருப்பப்படி மாற்றிக் கட்டினார். மேல்பூச்சு பெரும்பாலும் போய், வெறும் மரம் தெரிகிறது. 2024 அக்டோபரில் லண்டன் பொனாம்ஸ் ஏலத்தில் இந்தக் கிட்டார் 8,89,400 பவுண்டுக்கு விலைபோனது. வாங்கிய நிறுவனம் அதை அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது.

1963-ல் கார்க் நகரத்து க்ரௌலி இசைக்கருவிக் கடையில், பதினைந்து வயதுப் பையன் ஒருவன் 100 பவுண்டு விலைக்குத் தவணையில் வாங்கிப்போன கிட்டார் இதுதானா?

இதே கிட்டார்தான் என்று ஏலம் எடுத்தவர்கள் சொல்கிறார்கள். அருங்காட்சியகமும் ரசிகர்களும் அதையே சொல்கிறார்கள். யாருக்கும் தயக்கமில்லை. அந்தத் தயக்கமின்மை எதன் மேல் நிற்கிறது என்பது சின்னக் கேள்வியல்ல. கிரேக்கர்களும் பௌத்தர்களும் இந்தியாவின் வைசேடிகத் தத்துவவாதிகளும் இரண்டாயிரம் ஆண்டுகளாக மல்லுக்கட்டிய கேள்வி அது. உறுப்புகள் மாறிய பிறகும் ஒரு பொருளை ‘அதே பொருள்’ என்று சொல்ல வைப்பது எது? அடுத்த அடியிலேயே அது மனிதன் மேல் திரும்பிவிடும்: உடலும் எண்ணமும் மாறிக்கொண்டே இருக்கையில் ‘அதே ஆள்’ என்று யாரைச் சொல்கிறோம்?

இந்தக் கேள்விக்குத் தத்துவ நூல்களைவிட கிட்டார் பழுதுபார்ப்பவரின் மேசை நல்ல இடம். பிரடை மாற்றுவது அங்கே அன்றாட வேலை. கிட்டார்க்காரர்கள் டியூனிங் மெஷின் அல்லது டியூனர் என்பதைத்தான் வீணைக்காரர்கள் பிரடை என்கிறார்கள். இன்று பல வீணைகளில் மரப் பிரடைக்குப் பதில் கிட்டார் வகைப் பல்சக்கரப் பிரடைதான் இருக்கிறது. விரலால் திருகும் காதோடு புரி வெட்டிய சிறு தண்டு ஒன்று இணைந்திருக்கும். அந்தப் புரியில் பல் பதித்து ஒரு சக்கரம், சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஒரு கம்பம், கம்பத்தில் சுற்றிய தந்தி. காதை 14 முறையோ 18 முறையோ சுற்றினால்தான் கம்பம் ஒரு முழுச் சுற்று வரும். இதன் அழகு வேறொன்று. தண்டு சக்கரத்தைச் சுழற்றும். சக்கரத்தால் தண்டைச் சுழற்ற முடியாது. ஆறு தந்திகளும் சேர்ந்து சுமார் 45 கிலோ எடை அளவுக்கு இழுத்துக்கொண்டே இருக்கின்றன. ஆனாலும் கை வைக்காமல் காது திரும்பாது.

பழைய ஃபெண்டர், கிப்ஸன் கிட்டார்களில் இருந்தவை பெரும்பாலும் சிகாகோவின் க்ளூஸன் நிறுவனம் செய்த பிரடைகள். பின்னால் வந்த எண்ணெய் அடைத்த க்ரோவர், ஷாலர் வகைகள் கனமானவை, உறுதியானவை. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் மேடை ஏறியவர்கள் பலரும் க்ளூஸனைக் கழற்றிவிட்டு இவற்றை மாட்டினார்கள். ஜிம்மி பேஜின் புகழ்பெற்ற லெஸ் பால் கிட்டாரிலும் க்ரோவர்தான். ஆனால் பழைய துளையின் விட்டம் 9 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. புதிய வகைக்கு 10 மில்லிமீட்டர் வேண்டும். ரீமரைக் கையால் மெல்லச் சுற்றித் துளையைப் பெரிதாக்க வேண்டும். இந்த இடத்தில்தான் மாற்றம் திரும்பி வர முடியாததாகிறது. திருகைக் கழற்றலாம், மறுபடி மாட்டலாம். சீவிய மரம் திரும்ப வராது. பழைய திருகாணிகளின் சிறு துளைகளும் பின்பக்கம் அப்படியே நிற்கும். பழங்கிட்டார் வியாபாரிகள் முதலில் தலையைத் திருப்பிப் பார்ப்பது இந்தத் துளைகளைத்தான்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. சுருதி நிற்கவில்லை என்று பிரடை மாற்ற வருகிறவர்களில் பலருக்குப் பிரடையில் குறையே இருக்காது. நட்டின் வெட்டில் தந்தி சிக்கிக்கொள்கிறது. ஏற்றும்போது நகராமல் நின்று, பிறகு ‘டிக்’ என்று ஒரேயடியாகத் தாவுகிறது. அனுபவமுள்ள கைவினைஞர் முதலில் அந்த வெட்டில் பென்சில் கரியைத் தேய்த்துப் பார்ப்பார். தந்தி கம்பத்தில் தாறுமாறாகச் சுற்றியிருப்பதும் காரணமாகலாம். அப்படியானால் சுருதி எங்கே இருக்கிறது? பிரடையில் இல்லை. நட்டிலும் தந்தியிலும் மரத்திலும் தனித்தனியே இல்லை. இவை ஒன்றையொன்று இழுத்து நிற்கும் நிலைக்குத்தான் சுருதி என்று பெயர். எந்த ஒரு உறுப்பிலும் இல்லாத ஒன்று, உறுப்புகள் சேர்ந்து நிற்கும்போது காதுக்குத் தெளிவாகக் கேட்கிறது. பொய் என்று அதை ஒதுக்கவும் முடியாது, கையில் எடுத்துக் காட்டவும் முடியாது.

ஸ்ட்ராட்டோகாஸ்டரை 1954-ல் வெளியிட்ட லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. அவர் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். எந்தச் சாதனமும் ஒருநாள் மேசைக்கு வந்தே தீரும் என்று அறிந்தவர். அதனால் கழுத்தை உடலோடு ஒட்டாமல் நான்கு திருகாணிகளால் பூட்டினார். பிக்கப்களை ஒரு தகட்டில் தொங்கவிட்டார். தேய்ந்ததை எடு, புதியதை வை, அன்றிரவே மேடைக்குப் போ என்பதுதான் அவருடைய எண்ணம். இந்தக் கருவி பிறக்கும்போதே மாற்றங்களுக்கு இடம் வைத்துப் பிறந்தது. ஒரு திருகாணிகூட மாறாத கிட்டாருக்கே முழு மதிப்பு என்னும் சேகரிப்பாளர்களின் விதி, அதைச் செய்தவரின் நோக்கத்துக்கு நேர் எதிரானது.

ஃபெண்டர் எண்ணிய அந்த உறுப்பு மாற்றம் டெக்சாஸின் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வானுக்குத் தேவைப்பட்டது. 1990 ஜூலையில் நியூஜெர்சி மேடையில் அரங்கப் பொருள் சரிந்து விழுந்து அவருடைய ‘நம்பர் ஒன்’ கிட்டாரின் கழுத்து முறிந்தது. வேறு கழுத்து பூட்டப்பட்டது. பெயர் மாறவில்லை.

ஏதென்ஸ் மக்களும் இதையேதான் செய்தார்கள். தீசியஸ் கிரீட்டிலிருந்து இளைஞர்களை மீட்டு வந்ததாகச் சொல்லப்பட்ட முப்பது துடுப்புக் கப்பலை அவர்கள் பல தலைமுறை காத்தார்கள். உளுத்த பலகையை எடுத்து நல்ல பலகை பூட்டினார்கள். இது அதே கப்பலா, வேறு கப்பலா என்று தத்துவவாதிகள் சண்டை போட்டதைப் புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். எல்லோருக்கும் தெரிந்த இந்தக் கதையில் ஒரு பகுதி ஏனோ மறக்கப்படுகிறது. அந்தக் கப்பல் துறைமுகத்தில் காட்சிக்கு நின்ற பொருள் அல்ல. ஆண்டுதோறும் அப்போலோவுக்கான நேர்த்திக்கடனைச் சுமந்து டெலோஸ் தீவுக்குப் போய்வந்தது. அது திரும்பும்வரை நகரம் தீட்டுப்படக் கூடாது, யாருக்கும் மரணதண்டனை நிறைவேற்றக் கூடாது என்பது சட்டம். கி.மு. 399-ல் சாக்ரடீசின் வழக்குக்கு முந்தைய நாள் அதன் பின்புறத்தில் மாலை சூட்டப்பட்டது. அது போய்த் திரும்பும்வரை சாக்ரடீஸ் சிறையில் உயிரோடு இருந்தார். முப்பது நாள் என்கிறார் செனஃபோன். சாக்ரடீஸ் நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்த அந்த நாட்களை, பலகைகள் மாறிய ஒரு கப்பல் கொடுத்தது.

இங்கே கப்பலின் ஒருமைக்குச் சட்டத்தின் பலமும் வழிபாட்டின் பலமும் இருந்தன. நேர்த்திக்கடன் கடலைக் கடக்க வேண்டும். உளுத்த பலகையோடு கடக்க முடியாது. எனவே பலகையை மாற்றுவதே கப்பலை அதே கப்பலாக வைத்திருக்கும் செயல். மாற்றாமல் விட்டிருந்தால் அது பழைய மரமாக நின்றிருக்கும், தீசியஸின் கப்பலாக நின்றிருக்காது.

1655-ல் தாமஸ் ஹாப்ஸ் இதில் ஒரு முடிச்சுப் போட்டார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து, அதே வரிசையில் மீண்டும் பூட்டினால் இரண்டு கப்பல்கள் நிற்குமே. எது தீசியஸின் கப்பல்? அவருக்கு அது கற்பனைக் கேள்வி. பழங்கிட்டார் சந்தையில் அது வியாபாரம். ஐம்பதுகளின் கிட்டாரை முழுதாக விற்பதைவிடப் பிரித்து விற்றால் சில சமயம் அதிகப் பணம் கிடைக்கும். பிரடைகள் ஒருவருக்கு, பிக்கப்கள் இன்னொருவருக்கு, கழுத்து மூன்றாமவருக்கு. வாங்குகிறவர்கள் அவற்றைத் தங்கள் கிட்டார்களில் பூட்டி, காணாமல்போன பழமையைத் திரும்பப் பெறுகிறார்கள். இதில் எந்த அணுவும் அழியவில்லை. ஆனால் ஒரு கிட்டார் இறந்துபோயிற்று. இந்தக் கட்டுரை இதை இழப்பு என்றே சொல்லும், அந்த உறுப்புகள் எத்தனை நல்ல இடங்களில் போய்ச் சேர்ந்திருந்தாலும். ஹாப்ஸின் முடிச்சுக்கு விடை இங்கே கிடைக்கிறது. மூலப்பொருள் முழுதாக மிஞ்சினாலும் பொருள் போய்விடலாம். ஆகவே மூலப்பொருள் மட்டும் அந்தப் பொருள் ஆகாது.

அப்படியானால் வடிவமா? எரிக் கிளாப்டனின் ‘பிளாக்கி’ இதற்குப் பதில் சொல்கிறது. 1970-ல் நாஷ்வில்லில் ஷோ-பட் கடையில் அவர் பல பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களை வாங்கினார். ஜார்ஜ் ஹாரிசன், பீட் டவுன்ஷெண்ட், ஸ்டீவ் வின்வுட் ஆகியோருக்கு ஆளுக்கொன்று கொடுத்தார். மீதி மூன்றைப் பிரித்து, சிறந்த உறுப்புகளைச் சேர்த்து ஒரு கறுப்புக் கிட்டாரைக் கட்டினார். இதற்குத் தொழிற்சாலைப் பிறவியே கிடையாது. மூன்று கிட்டார்களில் எது இது என்று கேட்டால் எதுவுமில்லை. ஆயினும் 2004-ல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது 9,59,500 டாலருக்குப் போனது. 2006-ல் ஃபெண்டர் நிறுவனம் அதன் நகல்களாக 275 கிட்டார்கள் செய்தது. கீறல் கீறலாக, சிகரெட் சுட்ட கரிவரை அச்சாக எடுத்தார்கள். வடிவம்தான் பொருள் என்றால் உலகில் 276 பிளாக்கிகள் இருக்க வேண்டும். நகலை வாங்கியவர்கள்கூட அப்படிச் சொல்லமாட்டார்கள். அந்தக் கரியை உண்டாக்கிய சிகரெட்டுகள் நகலின் தலையில் எரியவில்லை.

மூலப்பொருளும் இல்லை, வடிவமும் இல்லை என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தவர்களில் முன்னோடி பௌத்தத் துறவி நாகசேனர். கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் இந்தோ-கிரேக்க மன்னன் மிலிந்தன் ‘நாகசேனர் என்பவர் யார்’ என்று கேட்டான். துறவி திருப்பிக் கேட்டார்: நீ தேரில் வந்தாயே, அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எல்லாம் சேர்ந்ததா? எல்லாவற்றுக்கும் அப்பாற்பட்ட ஒன்றா? ஒவ்வொன்றுக்கும் மன்னன் இல்லை என்றான். ‘தேர்’ என்பது உறுப்புகளை ஒட்டி நாம் வழங்கும் பெயர் மட்டுமே என்ற இடத்தில் அவனைக் கொண்டு நிறுத்தினார் நாகசேனர். வைசேடிகர்கள் இதை ஏற்கவில்லை. உறுப்புகளிலிருந்து வேறான முழுமை ஒன்று உண்மையிலேயே உண்டு என்றார்கள். தங்கள் வாதத்தின் விலையையும் அவர்கள் நேர்மையாகச் செலுத்தினார்கள்: துணியிலிருந்து ஓர் இழையை உருவினால் பழைய துணி அழிந்து புதிய துணி பிறக்கிறது என்பது அவர்கள் கொள்கை. அதன்படி ஒரு பிரடையைக் கழற்றியதுமே ரோரியின் கிட்டார் முடிந்துபோயிற்று. இந்த வழக்குகள் தமிழுக்கு அந்நியமல்ல. மணிமேகலையின் சமயக்கணக்கர் காதையில் வைசேடிக வாதி நேரிலேயே வந்து தன் திறம் கூறுகிறான், நீலகேசி, எல்லாம் கணந்தோறும் அழிகிறது என்னும் பௌத்தரின் கணிகக் கொள்கையை விடாமல் துரத்துகிறாள்.

நாகசேனரைத் தேரோடு நிறுத்திவிடுகிறவர்கள் அவருக்கு அநீதி செய்கிறார்கள். அவருடைய ஆழமான பதில் அதற்குப் பிறகு வருகிறது. இரவெல்லாம் எரியும் விளக்கில் முதல் யாமத்துச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றா? ஒன்றல்ல. வேறா? வேறும் அல்ல, அந்த விளக்கைப் பற்றித்தான் இரவு முழுதும் எரிந்தது. அடுத்து மாங்காய் திருடியவன் வருகிறான். நீ நட்டது வேறு மாங்காய், நான் பறித்தது வேறு என்று அவன் வாதாடினால் மன்னன் விடுவானா? விடமாட்டான். நட்டதிலிருந்துதானே பறித்தது வந்தது. ஒருமை பற்றிய பேச்சை நாகசேனர் பொருள்களின் இயல்பிலிருந்து பொறுப்பின் பக்கம் நகர்த்துகிறார். இன்று செய்ததற்கு நாளை யார் பதில் சொல்வது என்பதே அவர் அக்கறை. ‘எல்லாம் மாறுகிறது, ஆகவே நான் அவன் இல்லை’ என்று எவரும் தப்பிவிடக் கூடாது.

ரோரியின் கிட்டாருக்கு இது அப்படியே பொருந்துகிறது. அறுபதுகளில் டப்ளினில் அது திருடுபோனது. சில நாட்கள் கழித்து ஒரு பள்ளத்தில், மழையில் நனைந்து, கீறல்பட்டுக் கிடைத்தது. இனி இதைப் பிரிவதில்லை என்று ரோரி உறுதி எடுத்துக்கொண்டார். அந்த உறுதி யாருக்குக் கொடுக்கப்பட்டது? அன்றிருந்த பிரடைகளுக்கு அல்ல, அவை பிறகு கழன்றன. பூச்சுக்கும் அல்ல, அது உதிர்ந்தது. உறுதி நின்றதால்தான் பிரடைகள் மாறின. தினமும் மேடையில் வியர்வையில் ஊறும் கருவியைப் பிரியாமல் வைத்திருக்க வேண்டுமென்றால் தேய்ந்ததை மாற்றித்தான் ஆக வேண்டும். ஒரு பிரடை போனபோது கையில் கிடைத்ததைப் பூட்டிவிட்டு வாசிக்கப் போனவரின் வாழ்க்கை அந்த ஆறாவது பிரடையில் பதிந்திருக்கிறது. ஒருமை ஏற்கெனவே இருந்து நாம் கண்டுபிடிக்கும் பொருள் அல்ல, ஒருவர் தொடர்ந்து செய்யும் வேலை. ஏதென்ஸின் தச்சர்கள் அதைச் செய்தார்கள், ரோரியும் செய்தார்.

இங்கே ஒரு மறுப்பை நேராகச் சந்திக்க வேண்டும். மனிதனைக் கிட்டாரோடு எவ்வளவு தூரம் சேர்த்துப் பேசலாம்? ரோரியின் கல்லீரல் கெட்டது. 1995-ல் லண்டனில் அவருக்கு மாற்றுக் கல்லீரல் பொருத்தினார்கள். பிறகு ஏற்பட்ட தொற்றால் அந்த ஆண்டு ஜூன் 14-ல் இறந்தார். வயது 47. மரத்தலையில் பூட்டிய பிரடை எந்த நாட்டில் செய்தது, யாருடையது என்று மரம் கேட்பதில்லை. மனித உடல் கேட்கிறது. இன்னொருவரின் உறுப்பை அது அந்நியம் என்று அறிந்து தாக்குகிறது. அதைத் தடுக்க வாழ்நாள் முழுதும் மருந்து வேண்டும். அந்த மருந்தே உடலின் காவலைத் தளர்த்துகிறது. ‘எனது’ ‘எனதல்லாதது’ என்ற வேற்றுமை வெறும் பெயர் வழக்கு என்று நாகசேனரே வந்து சொன்னாலும் அறுவை சிகிச்சை மருத்துவர் தலையாட்டமாட்டார். உயிருள்ளது தன்னைத் தானே கட்டிக்கொள்கிறது. கிட்டாரை வேறொருவர் கட்ட வேண்டியிருக்கிறது. ஜான் லாக் கருவேல மரத்தின் ஒருமையை அதன் பருப்பொருளில் தேடாமல் உயிரோட்டத்தில் தேடியது இதனால்தான். கிட்டாரின் ஒருமை கடன் வாங்கிய ஒருமை. அதைப் பேணுகிற மனிதரிடமிருந்து அது வருகிறது. மனிதருக்குள்ளோ இரண்டும் உண்டு: கேட்காமலே உடல் செய்யும் கட்டுமானம், வாக்கைக் காப்பாற்ற அவர் தெரிந்தே செய்யும் கட்டுமானம். பதினைந்து வயதில் தவணைக்கு வாங்கியவரும் 47 வயதில் இறந்தவரும் ஒரே ஆள் என்பதற்கு முதலாவது மட்டும் போதாது. பிரிவதில்லை என்று எடுத்த உறுதியை ஏறக்குறைய முப்பது ஆண்டு காத்ததும் அவரை ஒரே ஆளாக்கியது.

ரோரிக்குப் பிறகு சகோதரர் டோனல் அந்தக் கிட்டாரைக் காத்தார். லண்டன் மேடையில் ஜோ பொனமாசா அதை வாசித்தார். அருங்காட்சியகப் பொருளான பிறகு காப்பதன் விதியே மாறிவிடுகிறது: இனி மாற்றாமல் விடுவதுதான் காப்பது. கத்தோலிக்கத் திருச்சபை நெடுங்காலம் புனிதர்களின் உடலை முதல் வகைத் திருப்பண்டமாகவும், அவர்கள் உடுத்திய, கையாண்ட பொருள்களை இரண்டாம் வகையாகவும் வைத்திருந்தது. கிட்டார் இப்போது அந்த இரண்டாம் வகையின் மரியாதையைப் பெற்றிருக்கிறது. அது தவறல்ல. வாசித்தவர் இல்லாதபோது அவர் கைபட்ட மரத்தையும் அந்த ஒற்றைப் பிரடையையும் தொடாமல் வைப்பது சரியான நன்றி. ஆனால் அந்த மரியாதையைத் தெருவில் வாசிக்கப்படும் கிட்டார்களின் மேல் ஏற்றக் கூடாது. உயிரோடு வாசிப்பவரின் கிட்டாருக்குச் சுருதி வேண்டும்.

ஆகவே பழைய கிட்டார் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். சுருதி நிற்கவில்லையென்றால் முதலில் நட்டைப் பாருங்கள், தந்தி சுற்றியிருக்கும் விதத்தைப் பாருங்கள். பிரடைதான் தேய்ந்திருக்கிறது என்று தெரிந்தால் தயங்காமல் மாற்றுங்கள், அது துரோகமல்ல. பழைய துளையிலேயே பொருந்தும் வகைகள் இன்று கிடைக்கின்றன, மரத்தைச் சீவாமல் முடியுமானால் அவற்றையே வாங்குங்கள். கழற்றிய ஆறையும் திருகாணிகளோடு ஒரு டப்பாவில் போட்டு, மாற்றிய தேதியை எழுதிக் கிட்டார் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். அவற்றைத் தனியாக விற்காதீர்கள்.